தைம்

தைம் என்பது புதினா, துளசி ஆகியவை அடங்கிய லேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்த நறுமணக் குறுஞ்செடி ஆகும். இதன் தாவரவியற் பெயர் தைமஸ் வல்காரிஸ் என்பதாகும். இப்பெயரைக் கார்ல் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இட்டார். ஸ்பெயின், தெற்குப் பிரான்சு, இத்தாலி ஆகியவற்றை உள்ளடக்கிய மேற்கு மத்தியதரைக் கடற் பகுதி இதன் தாயகம். இன்று மிதமான தட்பவெப்பம் உள்ள நாடுகள் பலவற்றில் பயிரிடப்படுகின்றது. இதன் சிறிய இலைகளும் பூக்களும் பச்சையாகவும் உலர்த்தியும் சமையலில் மணமூட்டியாகப் பயன்படுகின்றன. ஐரோப்பாவில் இருமலுக்கான மூலிகையாகவும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகின்றது.

தைமின் காரமான மணத்துக்கு முதன்மைக் காரணம் தைமோல் என்னும் சேர்மம். ஓமத்தின் மணத்துக்கும் அதே சேர்மமே காரணம். ஆகவே தைமை முதன்முறை முகரும் தமிழர் பலருக்கும் ஓமம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் தைம் வேறு, ஓமம் வேறு. தைமோல் இவ்விரண்டிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் தனிப் பொருள். தைமோல் பற்றிய செய்தியைத் தைம் மீதும், தைம் பற்றிய செய்தியை ஓமத்தின் மீதும் ஏற்றிக் கூறுவதே இம்மூலிகை குறித்து உலவும் பிழையான தகவல்கள் பலவற்றுக்கு மூலமாக உள்ளது.

பெயர்

தைம் என்னும் பெயர் கிரேக்க மொழியிலிருந்து இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்கு வந்தது. வேள்விப் பொருளை எரித்துப் புகை எழுப்புதல் என்னும் பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர். துணிவு என்னும் பொருளுடைய வேறொரு கிரேக்கச் சொல்லோடு இணைத்துக் கூறுவாரும் உளர். பண்டைய கிரேக்கர் இப்பெயரால் குறித்தது இன்றைய தைமை அன்று, அதற்கு நெருங்கிய உறவுடைய தைம்பிரா கேப்பிடேட்டா என்னும் செடியையே என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. எனவே பண்டைய நூல்களில் தைம் பற்றிக் கூறப்பட்டவற்றை அப்படியே இன்றைய செடிக்குப் பொருத்துவது சரியாகாது.

ஆங்கிலத்தில் இச்சொல் நேரத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே "டைம்" என ஒலிக்கப்படுகின்றது. தமிழில் எழுத்தைப் பின்பற்றித் "தைம்" என எழுதும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. பொருள் மயக்கம் நேராமைக்கு இதுவே நல்லது.

தமிழில் இச்செடிக்கு மரபான பெயர் எதுவும் இல்லை. மொழிபெயர்க்கப்பட்ட சமையற் குறிப்புகளில் தைம் என்பதற்கு "ஓமம்" என்றோ "ஓம இலை" என்றோ எழுதப்படுவதைக் காணலாம். இது தவறாயினும் காரணமற்ற தவறன்று. ஓமம், டிராக்கிஸ்பெர்மம் அம்மி என்னும் செடியின் உலர்ந்த காய். அது கொத்தமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தைமுக்கும் அதற்கும் மணத்தால் ஒற்றுமை உண்டே தவிர, தாவர உறவு நெருக்கமானதன்று.

உறவு முறையில் தைமுக்கு நெருங்கியது தமிழர் வீடுகளில் தொட்டியில் வளர்க்கப்படும் கற்பூரவள்ளி ஆகும். ஓமவல்லி எனவும் இதனை அழைப்பர். இது லேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தடித்த இலைகளின் மணத்துக்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது கார்வக்ரோல். இது தைமோலின் மாற்றியம். சுவையான செய்தி யாதெனில், கரிபியன் தீவுகளில் இதே கற்பூரவள்ளியை "ஸ்பானிய தைம்" என்றும் "அகல் இலைத் தைம்" என்றும் அழைக்கின்றனர். நாம் தைமை ஓமம் என்கிறோம். அவர்கள் நமது ஓமவல்லியைத் தைம் என்கின்றனர். இரு இடத்தும் மூக்கே பெயர் வைத்திருக்கின்றது.

அரபு மொழியிலும் நிலைமை இவ்வாறே. "சாத்தர்" என்னும் சொல் தைமையும், ஒரிகனம் சிரியாக்கம் முதலிய உறவுச் செடிகளையும், அவற்றின் உலர்ந்த இலையோடு எள், சுமாக் ஆகியவை சேர்த்துச் செய்யப்படும் பொடியையும் ஒருங்கே குறிக்கும்.

தாவர விளக்கம்

தைம் 15 முதல் 30 செ.மீ வரை உயரம் வளரும் பல்லாண்டுச் செடி. என்றும் பசுமையாக இருக்கும். இளந்தண்டு இக்குடும்பத்துக்கே உரிய வகையில் நாற்கோண வடிவினது. முதிர்ந்தபின் அடிப்பகுதி மரத்தன்மை அடையும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை, ஒரு செ.மீ நீளத்தைத் தாண்டுவது அரிது. இலையின் விளிம்புகள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். அடிப்பக்கம் நுண்மயிர் அடர்ந்து சாம்பல் நிறமாகத் தோன்றும். நீர் இழப்பைக் குறைக்கும் இவ்வமைப்பு வறண்ட கோடைக்கு ஏற்றது. மணமுள்ள எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் சேமிக்கப்படுகின்றது. இலையைக் கசக்கும்போது இச்சுரப்பிகள் உடைவதால் மணம் எழுகின்றது.

பூக்கள் வெண்மை முதல் வெளிர் ஊதா வரையான நிறங்களில் கிளை நுனிகளில் கொத்தாக மலரும். தேனீக்கள் இவற்றை மிகவும் நாடும். தைமில் சில செடிகள் இருபாற் பூக்களையும், வேறு சில பெண் பூக்களை மட்டுமே கொண்டும் காணப்படும். இதனைச் சார்லசு டார்வின் ஆராய்ந்து, பெண் செடிகள் மற்றவற்றை விடக் கூடுதலாக விதை தருகின்றன என 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட பூக்களின் வடிவ வேறுபாடுகள் பற்றிய நூலில் எழுதினார். மகரந்தம் ஆக்கும் செலவு இல்லாமையால் அவ்வளம் விதைக்குச் செல்கின்றது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று.

ஒரே இனம், ஆறு மணங்கள்

தைம் செடிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் அவற்றின் எண்ணெய் ஒன்றுபோல் இருப்பதில்லை. தெற்குப் பிரான்சில் மொன்பெலியே நகரின் அருகே இயற்கையாக வளரும் தைம் செடிகளில், எண்ணெயின் முதன்மைச் சேர்மத்தைக் கொண்டு ஆறு வேதிவகைகள் அறியப்பட்டுள்ளன. செரானியோல், ஆல்பா டெர்பினியோல், துஜனோல், லினலூல், கார்வக்ரோல், தைமோல் ஆகியவை அவ்வாறு சேர்மங்கள். முதல் நான்கும் மென்மையான மணமுடையவை. செரானியோல் வகை ஏறக்குறைய ரோசா வாசம் தரும். இறுதி இரண்டும் பீனோல் வகையைச் சேர்ந்த காரமான சேர்மங்கள்.

எச்செடி எவ்வகை என்பதை மரபணுக்கள் முடிவு செய்கின்றன. இவை படிவரிசையில் செயற்படுகின்றன. மேலே கூறிய வரிசையில் முன்னுள்ள சேர்மத்துக்கான ஓங்கு மரபணு இருந்தால், பின்னுள்ளவை இருந்தும் வெளிப்படா. தைமோல் இவ்வரிசையின் கடைசியில் உள்ளது. நிரலாக்கம் அறிந்தவர்கள் இதனை "இல்லையெனில் அடுத்தது" எனத் தொடரும் நிபந்தனைச் சங்கிலியாகப் புரிந்து கொள்ளலாம். முன் நிபந்தனைகள் ஐந்தும் பொய்யானால் மட்டுமே தைமோல் வெளிவரும்.

இவ்வகைகள் நிலத்தில் பரவியிருக்கும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. மொன்பெலியேக்கு வடக்கே சான் மார்த்தன் த லோந்தர் என்னும் ஊரைச் சுற்றி ஒரு தாழ்ந்த வடிநிலம் உள்ளது. குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று இதனுள் இறங்கித் தேங்குவதால், சுற்றியுள்ள சரிவுகளை விட அடிநிலம் மிகுந்த குளிரை அடையும். பீனோல் வகைச் செடிகள் கடும் உறைபனியைத் தாங்குவதில்லை. ஆனால் கோடை வறட்சியைத் தாங்குவதில் அவை மேலானவை. எனவே அடிநிலத்தில் பீனோல் அல்லாத வகைகளும், சரிவுகளில் தைமோல், கார்வக்ரோல் வகைகளும் வளர்ந்தன. 1956ஆம் ஆண்டு பெப்ரவரியில் அப்பகுதியைத் தாக்கிய கொடுங்குளிர் இவ்வெல்லையை மேலும் உறுதிப்படுத்தியது எனக் கருதப்படுகின்றது. 1970களில் பதிவு செய்யப்பட்ட இடங்களுக்கு 2010ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் மீண்டும் சென்றபோது, முன்பு பீனோல் வகைகள் இல்லாதிருந்த இடங்கள் சிலவற்றில் அவை முளைத்திருந்தன. குளிர்காலக் கடும்பனி குறைந்ததே இதற்குக் காரணம் என 2013இல் வெளியான அவ்வாய்வு கூறுகின்றது. காலநிலை மாற்றம் ஒரு தாவரத்தின் மரபுக் கட்டமைப்பை மாற்றுவதற்கு நேரடிச் சான்றாக இது விளங்குகின்றது.

இதன் நடைமுறை விளைவு யாதெனில், "தைம்" என்னும் பெயரை மட்டும் கொண்டு ஒரு எண்ணெயின் இயல்பைக் கூற இயலாது. லினலூல் வகை எண்ணெய் தோலுக்கு ஓரளவு மென்மையானது; தைமோல் வகை எண்ணெய் தோலைப் புண்ணாக்க வல்லது. இக்காரணத்தாலேயே ஐரோப்பிய மருந்தியல் நூல் மருந்துத் தரமுள்ள தைமுக்கு அளவு வரையறுத்துள்ளது. அதன்படி ஒரு கிலோ உலர்ந்த மூலிகையில் குறைந்தது 12 மி.லி எண்ணெய் இருத்தல் வேண்டும். அவ்வெண்ணெயில் தைமோலும் கார்வக்ரோலும் சேர்ந்து குறைந்தது 40 விழுக்காடு இருத்தல் வேண்டும். இதற்குத் தைமஸ் வல்காரிஸ், ஸ்பெயினில் மிகுதியாகக் கிடைக்கும் தைமஸ் சைகிஸ் ஆகிய இரு இனங்களும் ஏற்கப்படுகின்றன.

தைமோல்

1719ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் காஸ்பர் நியூமன் தைம் எண்ணெயிலிருந்து கற்பூரம் போன்ற படிகங்களைப் பிரித்தெடுத்தார். 1853இல் பிரெஞ்சு வேதியியலாளர் லாலமாண்ட் இதற்குத் தைமோல் எனப் பெயரிட்டு அதன் மூலக்கூற்று வாய்பாட்டைக் கண்டறிந்தார். 1882இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆஸ்கர் விட்மன் இதனைச் செயற்கையாகத் தொகுத்தார். தைமோலின் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 14 ஐதரசன், 1 ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் உருகும். நீரில் மிகக் குறைவாகவே கரையும். எண்ணெயிலும் சாராயத்திலும் எளிதில் கரையும். இக்கரைதிறன் வேறுபாடு பின்னர் உயிர்ச்சேதத்துக்கும் காரணமாயிற்று.

தைமோல் நுண்ணுயிர்களின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கின்றது. 1870களின் இறுதியில் ஜெர்மனியில் கார்பாலிக் அமிலத்துக்கு மாற்றாகப் புண்களுக்கு இது பயன்படுத்தப்பட்டது. 1879இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட லிஸ்டரின் என்னும் வாய் கொப்புளிக்கும் நீர்மத்தில் இன்றும் 0.064 விழுக்காடு தைமோல் உள்ளது.

உலகச் சந்தைக்கு வேண்டிய தைமோல் தைம் செடியிலிருந்து கிடைத்தது எனப் பெயரைக் கொண்டு எண்ணத் தோன்றும். உண்மையில் அதற்குப் பெரிதும் பயன்பட்டது இந்திய ஓமம். முதலாம் உலகப் போருக்கு முன் ஓமம் இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கு அதன் எண்ணெய் வடிக்கப்பட்டுத் தைமோல் பிரிக்கப்பட்டது. ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4 விழுக்காடு வரை உள்ளது. அதில் ஏறக்குறைய பாதி தைமோலாக இருக்கும். வணிகக் கணக்கில் தைமை விட ஓமம் மலிவான மூலப்பொருள். 1914இல் போர் மூண்டதும் இவ்வணிகம் அறுபட்டது. தைமோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. அதன் பின்னரே இந்தியாவில் தைமோலை வடிக்கும் முயற்சிகள் வேகம் பெற்றன. இன்று தொழில்துறைக்கான தைமோல் பெரும்பாலும் மெட்டா கிரெசால், புரோப்பிலீன் ஆகியவற்றிலிருந்து செயற்கையாக ஆக்கப்படுகின்றது.

கொக்கிப்புழுவும் தைமோலும்

தைமோலுக்கு அக்காலத்தில் இருந்த பெரும் தேவைக்குக் காரணம் கொக்கிப்புழு நோய். இப்புழு குடலில் பற்றிக் கொண்டு குருதியை உறிஞ்சி இரத்தசோகையை உண்டாக்கும். 1872 முதல் 1882 வரை ஆல்ப்சு மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட காட்ஹார்டு சுரங்கப் பாதையின் தொழிலாளர்களிடையே இந்நோய் பரவிப் பலரைப் பலி கொண்டது. அதனை ஒட்டி இத்தாலிய மருத்துவர் கமிலோ பொட்சோலோ தைமோலைக் கொக்கிப்புழு மருந்தாக அறிமுகப்படுத்தினார். 1899இல் புவேர்ட்டோ ரிக்கோவில் உழவர்களின் இரத்தசோகைக்குக் கொக்கிப்புழுவே காரணம் என பெய்லி ஆஷ்போர்டு கண்டறிந்தபின் அங்கும் தைமோல் வழங்கப்பட்டது. 1909 முதல் 1914 வரை ராக்பெல்லர் சுகாதாரக் குழு ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடத்திய பெரும் இயக்கத்திலும் இதுவே முதன்மை மருந்து.

இம்மருத்துவம் எளிதானதன்று. முதல் நாள் இரவு நோயாளிக்கு எப்சம் உப்பு கொடுத்துக் குடலைக் கழுவினர். மறுநாள் காலை வெறும் வயிற்றில் வயது வந்தோர்க்கு ஏறத்தாழ 4 கிராம் வரையான தைமோலைப் பகுத்துக் கொடுத்தனர். பின்னர் மீண்டும் பேதி மருந்து. அன்று சாராயமும் எண்ணெய்ப் பண்டங்களும் கூடாது எனக் கடுமையாக எச்சரித்தனர். தைமோல் கரையாமல் குடல் வழியே சென்று புழுவைத் தாக்க வேண்டும்; கொழுப்பிலோ சாராயத்திலோ கரைந்தால் குருதியில் ஏறி நோயாளியையே தாக்கும். இவ்வெச்சரிக்கையை மீறியதால் உயிரிழந்தோரும் உண்டு. பின்னர் கீனோபோடியம் எண்ணெயும், 1920களில் கார்பன் டெட்ராகுளோரைடும் தைமோலின் இடத்தைப் பிடித்தன; அவையும் நஞ்சுத்தன்மை உடையவையே. இன்று 400 மி.கி அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றே போதுமானது. இந்தியாவில் 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளி மாணவர்களுக்குத் தரப்படுவது இம்மாத்திரையே.

"தைம் குடற்புழுவைக் கொல்லும்" என இன்றும் எழுதப்படுவது மேற்கூறிய வரலாற்றின் எதிரொலி. இதனை ஒரு எளிய கணக்கால் சோதிக்கலாம். மருந்தியல் நூலின் குறைந்தபட்சத் தரத்தைக் கொண்ட ஒரு கிலோ உலர்ந்த தைமில் 12 மி.லி எண்ணெய், அதாவது ஏறத்தாழ 11 கிராம் உண்டு. அதில் 40 விழுக்காடு எனில் 4 கிராமுக்குச் சற்று மிகுதி. ஆக, அக்காலத்தில் ஒரு வேளை மருத்துவத்துக்குத் தரப்பட்ட தைமோலைப் பெற ஒரு கிலோ அளவு உலர்ந்த தைம் வேண்டும். இரண்டு கிராம் தைம் இட்ட ஒரு குவளைத் தேநீரில், முழு எண்ணெயும் நீரில் இறங்கிவிட்டது எனக் கொண்டாலும், 9 மி.கி அளவே தைமோல் இருக்கும். தேநீர் புழுவைக் கொல்லாது. அதே காரணத்தால் அருந்துபவரையும் கொல்லாது.

இன்றைய மருத்துவப் பயன்

ஐரோப்பிய மருந்து முகமை, சளியுடன் கூடிய இருமலுக்குத் தைமை மரபுவழிப் பயன்பாட்டு மூலிகையாக ஏற்றுள்ளது. மரபுவழி என்பதன் பொருள், நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் ஏற்கப்பட்டது என்பதே. மருத்துவச் சோதனைகளால் நிறுவப்பட்டது என்பதன்று. பொதுவாகக் கூறப்படும் அளவு, 1 முதல் 2 கிராம் உலர்ந்த இலையை 150 மி.லி கொதிநீரில் ஊறவைத்து நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை அருந்துதல் ஆகும். ஒரு வாரத்தில் குறையாத இருமலுக்கு மருத்துவரை நாட வேண்டும்.

தைம் சாற்றை ஐவி இலைச் சாற்றுடன் கலந்து கடும் மூச்சுக்குழல் அழற்சி உடைய 361 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. ஏழாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரையான காலத்தில் இருமல் வீச்சுகள் மருந்து பெற்றோரிடம் 68.7 விழுக்காடும், வெற்று மருந்து பெற்றோரிடம் 47.6 விழுக்காடும் குறைந்தன. இதில் இரு செய்திகள் உள்ளன. மருந்துக்குப் பயன் இருந்தது. மருந்தின்றியும் இருமல் பாதியளவு தானே குறைந்தது. வீட்டு மருத்துவத்தின் வெற்றிக் கதைகளைக் கேட்கும்போது இரண்டாம் எண்ணையும் நினைவிற் கொள்வது நல்லது. மேலும் இச்சோதனை கலவை மருந்தைப் பற்றியது. தைம் மட்டும் என்ன செய்தது என்பதை இதிலிருந்து பிரித்துக் கூற முடியாது.

ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் தைம் எண்ணெய் பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் அழிப்பதைக் காட்டும் ஆய்வுகள் ஏராளம். உடலினுள் அச்செறிவை எட்டுவது வேறு செய்தி.

பாதுகாப்பு

உணவில் சேர்க்கும் அளவில் தைம் தீங்கற்றது. புதினாக் குடும்பச் செடிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்த்தல் வேண்டும். வடித்த எண்ணெயை நீர்க்காமல் தோலில் பூசுவதோ, மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்வதோ கூடாது.

இங்கு தமிழகத்துக்கு உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் "ஓம உப்பு" என விற்கப்படும் வெண்படிகம் தைமோலே ஆகும். பச்சைக் கற்பூரம், புதினா உப்பு ஆகியவற்றோடு இதனைக் கலந்தால் மூன்றும் திண்மங்களாக இருந்தும் நீர்மமாக உருகிவிடும். வலித் தைலங்கள் இவ்வாறு செய்யப்படுகின்றன. பெயரில் உப்பு இருப்பினும் இது உணவு உப்பு அன்று. ஓமத்தை ஒரு தேக்கரண்டி மெல்லுவதும் ஓம உப்பை ஒரு தேக்கரண்டி விழுங்குவதும் ஒன்றல்ல. தேக்கரண்டி ஓம உப்பு, பழைய கொக்கிப்புழு மருத்துவத்தின் முழு அளவை எட்டக்கூடும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இதனை வைத்தல் வேண்டும்.

சமையற் பயன்

தைமின் மணம் மெதுவாகவே வெளிப்படும். கொத்தமல்லித் தழை போல் இறுதியில் தூவுவதற்கு மாறாக, வேகத் தொடங்கும்போதே இதனைச் சேர்க்கின்றனர். உலர்த்திய பின்னும் மணம் பெரிதும் குன்றாத தழைகளுள் இது ஒன்று. மூன்று பங்கு பச்சைத் தைமுக்கு ஒரு பங்கு உலர்ந்த தைம் என்பது பொதுவான அளவு.

பிரெஞ்சுச் சமையலில் தைம், பிரிஞ்சி இலையை ஒத்த பே இலை, பார்சிலி ஆகியவற்றை நூலால் கட்டிக் குழம்பில் இட்டு, வெந்தபின் கட்டை எடுத்துவிடுவர். இதற்குப் "பூக்கே கார்னி" என்று பெயர். ஜமைக்காவில் இறைச்சிக்குத் தடவும் "ஜெர்க்" மசாலாவில் தைம், ஆல்ஸ்பைஸ், காரமான ஸ்காட்ச் பானட் மிளகாய் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. அங்கு தேங்காய்ப் பாலில் சிவப்புக் காராமணி வகைப் பயறும் அரிசியும் சேர்த்துச் சமைக்கும் உணவிலும் ஒரு கொத்துத் தைம் இடப்படும். லெபனான், சிரியா, பாலத்தீனம் ஆகிய இடங்களில் சாத்தர் பொடியை ஒலிவ எண்ணெயில் குழைத்து ரொட்டி மீது பூசிச் சுடுவர்.

தைம் கைவசம் இல்லாதபோது ஓமத்தை மாற்றாகப் பயன்படுத்தலாமா எனக் கேட்கப்படுவதுண்டு. மிகச் சிறிதளவு இடலாம். எனினும் ஓமத்தில் தைமோல் செறிவு மிகுதியாதலால் அது மற்றச் சுவைகளை மூடிவிடும்.

சத்து அட்டவணைகளில் 100 கிராம் உலர்ந்த தைமில் ஏறத்தாழ 124 மி.கி இரும்பு உள்ளதாகக் காணலாம். இது வியப்பூட்டும் அளவு. ஆனால் ஒரு உணவில் ஒருவர் உண்ணுவது ஒரு கிராம் அளவே. அதில் கிடைப்பது 1.2 மி.கி மட்டும்.

தேனும் தேனீயும்

ஏதென்சு நகரை அடுத்த ஹைமெட்டஸ் மலையின் தைம் தேன் பண்டைக் காலம் முதலே புகழ் பெற்றது. இதற்குரிய செடி முன்னர்க் குறிப்பிட்ட தைம்பிரா கேப்பிடேட்டா ஆகும். தைமோல் இன்று தேனீக்களுக்கு மருந்தாகவும் பயன்படுகின்றது. மேற்கத்தியத் தேனீக் கூடுகளை அழிக்கும் வர்ரோவா உண்ணிக்கு எதிராகத் தைமோல் கூழ் கூட்டினுள் வைக்கப்படும். அது ஆவியாகி உண்ணிகளைக் கொல்லும். குளிர் மிகுந்தால் ஆவியாதல் குறைந்து பயன் கிட்டாது; வெப்பம் மிகுந்தால் ஆவி பெருகித் தேனீக்கள் கூட்டை விட்டு வெளியேறும். எனவே இதனைப் பயன்படுத்தும் பருவம் முதன்மையானது.

பயிரிடல்

நல்ல வெயிலும் நீர் தேங்காத சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் தைமுக்கு ஏற்றவை. வறட்சியை விட மிகுந்த நீரே இதனை எளிதில் அழிக்கும். விதை மிகச் சிறியது, மெல்ல முளைக்கும். ஆகவே தண்டுத் துண்டுகளை நட்டும், வேரோடு பிரித்தும் பெருக்குவர். பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுவடை செய்து நிழலில் உலர்த்துவர். மூன்று நான்கு ஆண்டுகளில் செடி மரத்தன்மை அடைந்து இலை குறைவதால் புதிதாக நட வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரி மலைப்பகுதியில் ரோசுமேரியுடன் தைமும் பயிரிடப்படுகின்றது. சமவெளியில் வளர்ப்போர் மழைக்காலத்தில் தொட்டியைக் கூரையின் கீழ் நகர்த்துவது பயன் தரும்.

பிற இனங்கள்

தைமஸ் பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. எலுமிச்சை மணமுள்ள எலுமிச்சைத் தைம் மீன் உணவுகளில் பயன்படுகின்றது. தரையோடு படரும் தைமஸ் செர்பில்லம் வட ஐரோப்பாவில் காட்டுத் தைம் என அழைக்கப்படும். தோட்டங்களில் கல் பாவிய நடைபாதையின் இடுக்குகளில் இதனை நடுவர், மிதிபடும்போது மணக்கும். கோர்சிக்கா, சார்டினியா தீவுகளைச் சேர்ந்த தைமஸ் எர்பா பரோனா, சீமைச் சோம்பின் மணம் உடையது.